பலகையில் நாற்பத்தோரு அடி

அந்த ஊரில் இருந்தது ஒரே ஒரு கிணறு. எந்தப் பக்கம் போனாலும் இரண்டு நாள் பயணத்துக்கு மணல்தான். கிணற்றில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று தினமும் காலையில் அளந்து, பம்பு அறை வாசலில் மாட்டியிருந்த கரும்பலகையில் எழுதுவது அவள் வேலை. நுனியில் ஈயக்குண்டு கட்டிய நாடாவை உள்ளே இறக்குவாள். குண்டு தரையில் முட்டியதும் மேலே இழுத்து, எத்தனை அடி நனைந்திருக்கிறது என்று பார்ப்பாள். அதை வைத்துத்தான் வீட்டுக்கு எத்தனை குடம் என்று முடிவாகும். ஊரே அவளை அளவக்கா என்றது. கோபம் வந்தால் புருஷனும் அப்படித்தான் கூப்பிடுவான்.

கொள்ளைக்காரர்களிடமிருந்து கிணற்றைக் காப்பாற்ற, மூன்று மாதத்துக்கு என்று சொல்லி, தலைநகரிலிருந்து ஒரு கேப்டன் நூறு சிப்பாய்களோடு வந்து இறங்கினார். அன்றைக்குப் பலகையில் நாற்பத்தோரு அடி. பதினொரு வருடமாகியும் அவர் கிளம்பவில்லை. கொள்ளைக்காரர்கள் கடைசிவரை வரவேயில்லை. அதற்கும் தாமே காரணம் என்று சொல்லிக்கொண்டார்.

இரண்டாம் வருடம் முகாமின் வயர்லெஸ் பெட்டி ஊமையானது. அளவக்காவின் புருஷன் அங்கே லாரி மெக்கானிக். பெட்டிக்குள்ளிருந்து ஏதோ ஒரு பாகத்தை யாரோ கழற்றியிருக்கிறார்கள் என்று வீட்டில் வந்து சொன்னான். வெளியே மூச்சு விடவில்லை. தலைநகரோடு பேச்சு அற்றுப்போனதும் கேப்டன் தமக்குத் தாமே மேஜர் பதவி கொடுத்துக்கொண்டார். அடுத்து கர்னல். ஜெனரல் ஆன அன்று ஊர் முழுக்க விடுமுறை விட்டார், எல்லோரும் வந்து கைதட்டி முடித்த பிறகு. நீதிபதியின் நாற்காலி காலியாக இருக்கிறதே என்று அதிலும் உட்கார்ந்தார். அதைக் காலி செய்ததும் அவர்தான். ஊர்க் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் நகர்த்தச் சொன்னார். எதற்கு என்று கேட்ட பள்ளிக்கூட வாத்தியாரை எட்டு மாதம் கிடங்கில் அடைத்துவைத்தார். வெளியே வந்த வாத்தியார், வெயிலைப் பற்றி மட்டும் பேசும் மனிதராகிவிட்டார்.

ஜெனரலின் பூட்ஸில் தூசி படியக் கூடாதென்று அணிவகுப்பு மைதானத்துக்கு தினமும் இரண்டு லாரித் தண்ணீர் தெளித்தார்கள். அவர் வீட்டு முன்னால் புல்லும் வளர்ந்தது. கிணறு இறங்கிக்கொண்டே போனது. ஏழாம் வருடம், பலகையில் இருபத்தேழு என்று எழுதிய அன்று ஜெனரலே நேரில் வந்து நின்றார். தன் ஆட்சியில் தண்ணீர் குறைகிறது என்று ஊருக்கெல்லாம் விளம்பரம் செய்கிறாயா என்று கேட்டார். குறைந்திருக்கிறது, அதனால் எழுதினேன் என்றாள்.

"நான் வந்தப்ப எவ்வளவு இருந்துச்சு?"

"நாப்பத்தோரு அடி, சார்."

"அதையே எழுது."

அவளுக்கு வாத்தியாரின் முகம் கண்முன் வந்தது. எழுதினாள். மறுநாளும் எழுதினாள். உண்மையான அளவை பம்பு அறைக் கதவின் உள்பக்கம் சாக்பீஸால் குறித்துவைத்து, அதற்குத் தக்கபடி குடங்களைக் குறைத்தாள். பம்பு சரியில்லை என்று சொல்லிச் சமாளித்தாள். பலகையில் நாற்பத்தொன்று, குடத்தில் பாதியா என்று வரிசையில் நின்றவர்கள் அவளைத்தான் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். நான்கு வருடம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். திட்டுகூடப் பழகிவிட்டது; அந்த எண்ணை எழுதும்போது கை கூசுவதுதான் பழகவில்லை.

பதினோராம் வருடம் ஜெனரலுக்கு இந்த ஊர் போதவில்லை. மணலுக்கு அந்தப்பக்கம் உப்புச் சுரங்கம் வைத்திருந்த ஊரையும் பிடிக்க முடிவு செய்தார். பதினாறு லாரி, அத்தனை சிப்பாய்கள், வழிக்கு ஆறு டேங்கர் தண்ணீர். மெக்கானிக்கும் போயாக வேண்டும். அளவக்கா இன்னொரு தரம் அளந்து பார்த்தாள். நாடாவைக் கையில் சுருட்டிக்கொண்டு நேராக ஜெனரலின் அறைக்குப் போனாள்.

"சார், கிணத்துல ஒம்பது அடிதான் இருக்கு. ஆறு டேங்கர் எடுத்தா ஊருக்குச் சேறுதான் மிஞ்சும். உங்களுக்கும் டேங்கர் நிறையாது."

அவர் ஜன்னல் வழியே பலகையைப் பார்த்தார். "நாப்பத்தொண்ணுன்னு போட்டிருக்கே?"

"அது நீங்க எழுதச் சொன்னது, சார்."

"எழுதினது யாரு?"

"நான்தான்."

"அப்புறம் என்ன?"

நடிக்கிறாரோ என்று அவர் முகத்தையே பார்த்தாள். நடிக்கவில்லை. தினமும் பார்த்துப் பார்த்து மனிதர் நிஜமாகவே நம்பிவிட்டிருந்தார். நீங்களே ஒரு தரம் இறக்கிப் பாருங்கள் என்று நாடாவை நீட்டினாள். ஜெனரல் நாடா பிடிப்பதில்லை என்றார்.

வீட்டில் புருஷனிடம் சொன்னாள். அவன் சாப்பிட்டு முடித்தான். பிறகு கையைக் கழுவிக்கொண்டு டிரைவர்களைப் பார்க்கக் கிளம்பினான்.

படையெடுப்புக் காலையில் முதல் லாரியில் பேட்டரி செத்திருந்தது. இரண்டாவதில் ரேடியேட்டர் ஒழுகியது. மூன்றாவதன் சாவி காணவில்லை. பதினாறு லாரிக்கும் பதினாறு நோய். டேங்கர்களும் கிணற்றடிக்கு நகரவில்லை. மெக்கானிக் விறைப்பாக நின்று ஒவ்வொன்றையும் வருத்தத்தோடு அறிவித்தான். எட்டாவது லாரிக்கு வந்தபோது ஜெனரல் அவனை அறைந்தார். அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டு ஒன்பதாவதைச் சொன்னான்.

ஒரு ஊரைப் பிடிக்க நான் ஒருவனே போதும் என்று, மூன்று அதிகாரிகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு ஜெனரல் கிளம்பினார். மூன்றாம் நாள் மதியம் தனியாக, நடந்து திரும்பினார். ஜீப் மணலில் புதைந்துவிட்டது. அதிகாரிகள் மூவரும் உப்பு ஊருக்கே நடந்துபோய் வேலையில் சேர்ந்துவிட்டது பின்னால் தெரியவந்தது.

பம்பு அறை வாசலில் தரையில் உட்கார்ந்தார். அவள் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். மூன்று சொம்பு குடித்தார். வாத்தியார் ஞாபகம் அவளுக்கு வராமல் இல்லை. இருந்தும் நான்காவதையும் மொண்டு கொடுத்தாள். சிப்பாய்கள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று மாலை அணிவகுப்புக்கு ஒருவரும் வரவில்லை.

வயர்லெஸ் பாகம் ஜெனரலின் மேசை இழுப்பறையில் கிடைத்தது. மெக்கானிக் அதைப் பொருத்தித் தலைநகரைக் கூப்பிட்டான். அங்கே அவர் எட்டு வருடத்துக்கு முன்பே இறந்துபோனதாகப் பதிவாகியிருந்தது. அழைத்துப்போக வந்தவர்கள், ஏட்டில் வேறு பதவி இல்லாததால் கேப்டன் என்றே கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

அளவக்கா பலகையில் ஒன்பது என்று எழுதினாள். ஊர் கொந்தளித்தது. ஜெனரல் காலத்தில் நாற்பத்தோரு அடி இருந்ததே, அதற்குள் என்ன செய்தாய் என்று அவளைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் கதவைத் திறந்து, உள்பக்கம் இருந்த நான்கு வருடத்துக் குறிப்பைக் காட்டினாள். சிலர் வாசித்தார்கள். சிலர் கடைசிவரை நம்பவில்லை. ஆனால் கிணற்றை ஆழப்படுத்தலாம் என்றபோது நம்பாதவர்களும் மண்வெட்டியோடு வந்தார்கள். சொந்த ஊருக்குப் போக மனமில்லாத முப்பது சிப்பாய்களும் சேர்ந்துகொண்டார்கள்.

ஆறு வாரத்தில் புது ஊற்றுக் கண் திறந்தது. மறுநாள் அளவக்கா லீவு போட்டாள். இருபத்திரண்டு வருடத்தில் முதல் லீவு. புருஷன்தான் போய் அளந்தான். நேராக இறக்கத் தெரியாமல் மூன்று தடவை இறக்கினான். வெயில் ஏறும்வரை அவள் போர்வையை விலக்கவில்லை.