வலிக்கிற நாளில் ஆஸ்பத்திரி

எங்கள் ஊர்ப் பெண்கள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதைப் பார்த்தால் ஏதோ கல்யாண வீட்டுக்குப் போகிறார்கள் என்றுதான் நினைப்பீர்கள். தலைக்குக் குளித்து, பீரோவிலிருந்து நல்ல சேலையாக எடுத்து உடுத்தி, தலை நிறைய மல்லிகை வைத்து, ராகுகாலம் கழித்துத்தான் படியிறங்குவோம். எட்டயபுரத்திலிருந்து கோவில்பட்டிக்கு நானும் அப்படித்தான் வருடக்கணக்கில் பஸ் ஏறினேன்.

என் வலி மாதவிலக்கோடு வருகிற வலி. அந்த நாட்களில் தலையணையைக் கடித்துக்கொண்டு குப்புறக் கிடப்பேன். அப்போது வெளியே கிளம்பக் கூடாது என்பது என் மாமியார் போட்ட சட்டம்.

"குளிச்சு முடிச்சு நல்ல நாளாப் பாத்துப் போவோம்" என்பார்.

குளித்து முடிப்பதற்குள் வலி போயிருக்கும். ஆகவே டாக்டரம்மா பார்த்ததெல்லாம் பூவும் பவுடருமாகச் சிரிக்கிற ஒருத்தியை. என்ன தொந்தரவு என்று அவர் என்னிடம் கேட்பார். பதில் மாமியாரிடமிருந்து வரும்.

"லேசா வயித்து வலிம்மா. வேற ஒண்ணுமில்ல."

எடுத்துப் பார்த்த ஸ்கேனும் மாமியார் கட்சிதான்; ஒன்றுமில்லை என்றே காட்டும். சத்து மாத்திரையோடு திரும்புவோம்.

இதே மாமியார் ஜவுளிக்கடையில் ஒரு சேலை எடுக்கக் கடையையே கலைத்துப் போடுவார். சாயம் போகுமா, சுருங்குமா, கரை பிரியுமா என்று கேட்டுக் கேட்டு கடைக்கார அண்ணாச்சியை அழ வைக்காத குறை. வாயில் போடுகிற மாத்திரையைப் பற்றி மட்டும் ஒரு கேள்வி கிடையாது.

ஒருநாள் சுருண்டு கிடந்தபடியே செல்போனில் தேடினேன். எண்டோமெட்ரியோசிஸ் என்று ஒரு நோய் இருக்கிறதாம். கர்ப்பப்பையின் உள்பூச்சைப் போன்ற சதை வெளியே வளர்ந்து வலி கொடுக்குமாம். ஸ்கேனில் தெரியாமலும் போகலாமாம். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அடுத்த மாதம் வலி தொடங்கிய காலையிலேயே, தலைகூடச் சீவாமல் செருப்பை மாட்டினேன்.

"ஏட்டி, இந்த நாள்லயா? அதுவும் இந்தக் கோலத்துலயா?"

"வலிக்குத நாள்லதானே அத்தை வலியக் காட்ட முடியும்?"

முணுமுணுத்துக்கொண்டே கூட வந்த மாமியார், பஸ்ஸில் என்னைத் தெரியாதவர் போல முன்சீட்டில் போய் உட்கார்ந்தார். வேகத்தடையில் பஸ் தூக்கிப் போட்டபோது நான் கத்திவிட்டேன். எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டரம்மா முன்னால் வழக்கம்போல "லேசா..." என்று ஆரம்பித்தார்.

"அத்தை, நான் சொல்லுதேன்."

எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது, கக்கூஸுக்குப் போனால் எப்படி வலிக்கிறது, எல்லாம் சொன்னேன். புருஷன் பெண்டாட்டி சமாச்சாரத்துக்கு வந்தபோது மாமியார் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"இது எண்டோமெட்ரியோசிஸா இருக்குமா டாக்டர்? ஸ்கேன்ல தெரியாமப் போயிருக்குமா?"

"இருக்கலாம். தெரியாமயும் போகும். இதையெல்லாம் ஏன் முன்னாடியே சொல்லல?"

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

முதலில் மாத்திரை, அதற்குக் கேட்காவிட்டால் சிறு துளை போட்டுப் பார்க்கிற ஆபரேஷன் என்று டாக்டரம்மா விளக்கினார். அப்போது மாமியாருக்குள்ளிருந்து ஜவுளிக்கடையில் கேள்வி கேட்கிற அந்தப் பொம்பளை எழுந்தாள்.

"இந்த மாத்திர என்னம்மா செய்யும்? எத்தன நாளு திங்கணும்? ஒத்துக்கலன்னா மாத்தித் தருவீயளா?"

டாக்டரம்மா சிரித்தார். ஆனாலும் ஒன்றுவிடாமல் பதில் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டு அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பிள்ளைக்கு என்ன செய்யுது?" என்று விசாரித்தார். 'லேசா' வரப்போகிறது என்று காத்திருந்தேன்.

"உயிர் போற வலி தாயி! இத்தன வருசமா பூ வச்சுக் கூட்டிட்டுப் போயி டாக்டரம்மாவ ஏமாத்திருக்கேன். உங்க வீட்டுப் பிள்ளைக்கு வலின்னா வலிக்கும்போதே கூட்டிட்டுப் போங்க."

பஸ் முழுக்கக் கேட்டது. கண்டக்டர்கூடத் திரும்பிப் பார்த்தார். எனக்கு மானம் போயிற்று. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். வலி அப்படியேதான் இருந்தது. அதை முதல் தடவையாக அதன் அளவிலேயே ஒருத்தர் சொல்லிவிட்டார்.