மினுக்கிக்குத் தனி விலை கிடையாது

பூஞ்சை பிடித்த மைதாப் பசைக்கு ஒரு வாடை உண்டு. புளித்த மாவும் நனைந்த சாக்கும் கலந்த மாதிரி இருக்கும், மூக்கில் ஏறினால் லேசில் இறங்காது. ஏற்காடு கடைவீதியில் அம்மா நடத்திய விளையாட்டுச் சாமான் கடையை நினைத்தால், கேரம் பவுடரின் மணத்துக்கு முன்பு அந்த வாடைதான் எனக்கு வருகிறது. "உங்கம்மாவுக்கு வியாபாரம் தெரியாது" என்று சொந்தக்காரர்கள் இன்றைக்கும் கல்யாண வீடுகளில் என் காதுபடச் சொல்கிறார்கள். அவர்கள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அம்மா காப்பி எஸ்டேட் ஆபீசில் வேலை பார்த்தவர். எஸ்டேட் கைமாறி வேலை போனபோது, சேலத்தில் பாத்திரக்கடை வைத்திருந்த அவருடைய அண்ணன், அதாவது எங்கள் மாமா, முதல் போட்டு இந்தக் கடையைப் பிடித்துக் கொடுத்தார். செஸ், கேரம், சீட்டு, பெட்டி விளையாட்டு என்று எல்லாம் இருந்தாலும் கடையைத் தூக்கி நிறுத்தியவை அட்டைப் பாக்கெட்டுகள். பூதங்கள் ஒன்றோடொன்று சண்டை போடும் ஆட்டம் அது. ஒட்டிய காகித உறைக்குள் என்னென்ன பூதம் இருக்கிறது என்பது பிரித்தால்தான் தெரியும். எப்போதாவது ஒரு உறையில் தங்கத்தாள் ஒட்டிய அட்டை வரும். அதற்குப் பிள்ளைகள் வைத்த பெயர் "மினுக்கி". மினுக்கி வைத்திருப்பவளை ஆட்டத்தில் அசைக்க முடியாது.

சனிக்கிழமைகளில் ஹாஸ்டல் பிள்ளைகள் பை நிறையக் காசோடு வருவார்கள். சந்தை நாளில் செம்மநத்தம், மஞ்சக்குட்டை மலைக்கிராமப் பிள்ளைகள் அப்பன்மாரோடு ஜீப்பில் வந்து இறங்குவார்கள். இரண்டு கூட்டத்துக்கும் விலை ஒன்றுதான். அந்த விலையைக் கொட்டை எழுத்தில் எழுதி வாசலிலேயே தொங்கவிட்டிருந்தார் அம்மா.

மாமாவுக்கு அந்தப் போர்டைக் கண்டாலே ஆகாது. "சீசன்ல லாட்ஜுக்காரன் ரேட்ட ஏத்தறான், கொய்யா விக்கிறவ ஏத்தறா. கேக்கற ஆளப் பாத்து ரேட்டு சொல்ல உனக்கு மட்டும் ஏம்மிணி வரமாட்டேங்குது?" என்பார். "போர்டு போட்டாச்சுங்ண்ணா" என்பதோடு அம்மா நிறுத்திக்கொள்வார்.

ஒரு மழைக்காலத்தில் அம்மா டைபாய்டில் படுத்துவிட, மாமா வந்து கல்லாவில் உட்கார்ந்தார். வந்த வாரமே ஒரு கண்ணாடிப் பெட்டி வந்தது. உள்ளே வரிசையாக மினுக்கிகள். ஒவ்வொன்றுக்கும் தனி விலை, அதுவும் சனிக்கு சனி ஏறும் விலை. ஹாஸ்டல் பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். அப்படி ஒரு கூட்டத்தை எங்கள் கடை அதற்கு முன் பார்த்ததில்லை.

இத்தனை மினுக்கி மாமாவுக்கு எங்கே கிடைத்தது என்று யாரும் கேட்கவில்லை. அம்மா எழுந்து கடைக்கு வரத் தொடங்கிய ஒரு சந்தை நாளில், என்னோடு படித்த வள்ளி, செம்மநத்தத்து விவசாயி மகள், ஒரு பாக்கெட்டை நீட்டினாள்.

"ஏனுங்கத்தை, இது ஈரமா இருக்குதுங்க. நொம்ப நாத்தமடிக்குதுங்க. போன சந்தைக்கு வாங்குனதும் இப்பிடித்தானுங்க இருந்துச்சு."

அம்மா அதை மோந்து பார்த்தார். பக்கத்து டீக்கடை பாய்லரைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவில் விளங்கிவிட்டது. மாமா ஒவ்வொரு பாக்கெட்டையும் ஆவியில் காட்டித் திறந்து, மினுக்கி இருந்தால் உருவிக்கொண்டு, மைதாப் பசையால் மறுபடி ஒட்டியிருக்கிறார். சேலத்து வெயிலில் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும் பசை, எங்கள் மூட்டத்தில் காயவே காயாது, பூஞ்சைதான் பூக்கும் என்பது கீழே இருந்து வந்தவருக்குத் தெரியவில்லை. மலை அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

மாமா கொஞ்சமும் கூசவில்லை. "உள்ள கெடந்தா எவனுக்கோ போவுது. வெளிய வெச்சா வேணுங்கறவன் வெல குடுத்து வாங்கறான். இதுல என்ன தப்பு?"

"வேணுங்கறவன் வாங்கட்டுங்ண்ணா. உருவுன பாக்கெட்ட எதுக்கு இந்தப் புள்ளைக்கு வித்தீங்க? உள்ள மினுக்கி இருக்கும்னு நம்பித்தான அவ வாங்குனா?"

"அப்பிடின்னா எம் மொதல நான் எடுத்துக்கறேன்."

"எடுத்துக்குங்க."

அந்த முதலை எடுத்தால் கடை படுத்துவிடும், எங்கள் வீட்டு அடுப்பும் சேர்ந்து படுத்துவிடும். அது அம்மாவுக்கு மாமாவைவிட நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை ஹாஸ்டல் கூட்டம் வாசலை அடைத்து நிற்கும்போதே கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, மினுக்கிகளை ஒரு மூங்கில் கூடையில் கொட்டினார். மீதியிருந்த பாக்கெட்டுகளையும் கிழித்துக் கொட்டி, அரிசி களைவது போலக் கலக்கினார்.

"ஒரு அட்டை, ஒரே வெல. கண்ண மூடிக்கிட்டு எடுங்க கண்ணுகளா."

"டபுளா தர்றேன் ஆன்ட்டி, அந்த நெருப்பு பூதத்த மட்டும் எடுத்துக் குடுங்க" என்றான் ஒருவன்.

"மினுக்கிக்குத் தனி வெல கெடையாது சாமி. கைய உடு."

ஏற்கெனவே அதிக விலை கொடுத்து வாங்கியிருந்தவர்கள் கோபித்துக்கொண்டு பல சனிக்கிழமைகள் கடைப்பக்கமே வரவில்லை. மாமா கேரம் பலகைகளையும் கண்ணாடிப் பெட்டியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். கடையில் பாதியை சாக்லேட் வியாபாரிக்கு விட்டுவிட்டு, மீதிப் பாதியில் அம்மா அந்தக் கூடையோடு உட்கார்ந்தார். சந்தை நாளில் வள்ளி வந்து கையை விட்டாள். ஒற்றைக்கண் பூதம்தான் வந்தது. அதை மோந்து பார்த்துவிட்டு, "நாத்தமில்லீங்கத்தை" என்று சிரித்தாள். அவள் அடுத்த சந்தைக்கும் வந்தாள், மஞ்சக்குட்டைப் பிள்ளைகளையும் கூட்டி வந்தாள். கடை படுக்கவில்லை.

அந்த அட்டைகளை அச்சடித்தவர்கள் எப்போதோ மூடிவிட்டார்கள். டீக்கடை பாய்லர் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் தொங்குகிறது. அதே பாதிக் கடையில் இன்று நான் இருக்கிறேன், அதே போர்டோடும், இப்போது வரும் வேறு அட்டைகள் நிரம்பிய அதே கூடையோடும். போன மாதம் பெங்களூர்க்காரர் ஒருவர், சின்ன வயதில் கூடையில் கைவிட்டு எனக்குக் கிடைத்து, கல்லாவுக்குப் பின்னால் நான் ஒட்டி வைத்திருந்த நெருப்பு பூத மினுக்கியைப் பார்த்துவிட்டு, ஆன்லைனில் அது போகும் விலையைப் போனில் காட்டினார். என் ஒரு சீசன் வருமானம் அது. எனக்கும் மனசு அடித்துக்கொள்ளத்தான் செய்தது.

சுவரிலிருந்து அட்டையைப் பிரித்தெடுத்து, அவர் கண் முன்னாலேயே கூடையில் போட்டுக் கலக்கினேன்.

"ஒரே விலைங்க. கையை விடுங்க."

அவர் பொழுது சாயும் வரை காசு கொடுத்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு, திட்டிக்கொண்டே காரில் ஏறினார். அதற்கப்புறம் எத்தனையோ பிள்ளைகள் அந்தக் கூடையில் கையை விட்டுவிட்டார்கள். மினுக்கி இன்னும் உள்ளே கிடக்கிறதா, மஞ்சக்குட்டை பஸ்ஸில் ஏறிப் போய்விட்டதா என்று எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை. பார்க்கவும் மாட்டேன்.