அணைந்தே இருந்த ஆயில் விளக்கு

எங்கள் பழைய இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரின் இன்ஜின் ஏற்கெனவே ஒரு முறை இறுகிப் பிடித்துக்கொண்டது. ஆயில் பிரஷர் இறங்குவதைக் காட்ட வேண்டிய முள், அசையாமல் நின்று என்னை ஏமாற்றிவிட்டது. கணபதி பகுதியில் லேத் பட்டறை வைத்திருப்பவர், இன்ஜினின் கிராங்க் தண்டைக் கடைந்து கொடுக்கும்போதே சொன்னார்: “இதுக்கு மேல கடையறதுக்கு எடமில்லீங்க. இன்னொருக்கா புடிச்சுதுன்னா பழைய இரும்புக்குத்தானுங்க போடோணும்.” நானும் என் மனைவியும் ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் கொட்டி எழுப்பிய வண்டி. பானெட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததே அவள்தான். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று.

இனி முள்ளை நம்புவதில்லை என்று சிவப்பு எச்சரிக்கை விளக்கு ஒன்று வைத்தேன். ஆயில் ஓடும் வழியில் சின்ன சுவிட்சை முறுக்கி, அங்கிருந்து டேஷ்போர்டு வரை வயர் இழுத்தேன். சாவி போட்டால் விளக்கு எரிய வேண்டும். இன்ஜின் ஓடி பிரஷர் ஏறியதும் அணைய வேண்டும். எரிந்தது, அணைந்தது. அப்பாடா! ஆனால் பாழாய்ப்போன மனசு விடுமா? அணைந்திருப்பது பிரஷர் இருப்பதாலா, பல்பு போனதாலா? சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

“பேட்டரி எறங்கிரப் போவுதுங்க, உடுங்க,” என்று அவள் சிரித்தாள்.

முதல் ஓட்டம் மேட்டுப்பாளையம் வரை. இன்ஜினைச் சூடாக ஓடவிட்டுவிட்டு, நான் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். திரும்பிப் பார்த்தால், அந்த விளக்கின் மேல் அப்பளம் போல ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம்.

“ஏம்மணி, வெளக்கு மேலயா?”

“புதுசா வெச்சது அதுதானுங்களே. அதுக்குத்தான் மொதல்ல வெச்சுப்போட்டேன்.”

துடைக்கக் கை போனது. கிளம்புகிற நேரத்தில், பக்கத்தில் பெண்டாட்டி உட்கார்ந்திருக்க, பொட்டை அழிப்பதா? கையை இழுத்துக்கொண்டேன். எரிந்தால் சந்தனத்தையும் மீறித் தெரியாமலா போகும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வழியெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அதையே பார்த்தேன். வெயிலில் பொட்டுதான் தெரிந்தது. காரமடை தாண்டியதும் இன்ஜினில் டக்டக்கென்று மெலிதாக ஒரு சத்தம்.

“ஏனுங்க, அதென்னங்க சத்தம்?”

“வெளக்கு எரியலையே, சும்மா வா!” என்று எரிந்து விழுந்தேன். என் காதை நம்பாமல் விளக்கை நம்பினேன்.

பாக்குத் தோப்பு நிழல் ரோட்டில் விழுந்த இடத்தில் அவள் குனிந்து பார்த்தாள். “பொட்டோட ஓரம் மின்னுதுங்க!” நான் வாய் திறப்பதற்குள் முந்தானையால் ஒரே இழுப்பாகத் துடைத்துவிட்டாள். உள்ளே விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

இன்ஜினை அணைத்து ஓரம் கட்டினேன். எவ்வளவு நேரமாக எரிந்ததோ, ஐயோ! பானெட்டைத் தூக்கினேன். நான் முறுக்கிய அதே சுவிட்ச் தளர்ந்து, அங்கிருந்துதான் ஆயில் வழிந்துகொண்டிருந்தது. அவளைத் திட்ட வந்தவன், ஸ்பேனரை எடுத்து என் சுவிட்சை இறுக்கினேன்.

இன்ஜின் பிடித்துவிட்டதா இல்லையா என்று பார்க்க ஒரு வழிதான் இருந்தது. டாப் கியரில் போட்டுத் தள்ளினால் சக்கரத்தோடு இன்ஜினும் சுற்ற வேண்டும். சக்கரம் உருளாமல் நின்றால் வண்டி இரும்புக்கடைக்கு. அவள் பின்னால், நான் கதவோரம். அசையவில்லை.

“இன்னொருக்கா, மூச்சுப் புடிச்சுத் தள்ளுங்க,” என்றாள்.

தள்ளினோம். உள்ளே புஸ்ஸென்று ஒரு மூச்சு. வண்டி நகர்ந்தது, இன்ஜினோடு ஃபேனும் சேர்ந்து சுற்றியது. நடுரோடு என்றும் பார்க்காமல் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவள் முன்னால் வந்து என் முகத்தைப் பார்த்தாள். “வண்டி நல்லாத்தானுங்க இருக்குது. உங்க மூஞ்சிதான் வெளுத்துப்போச்சு,” என்று, முந்தானையில் ஒட்டியிருந்த மிச்சக் குங்குமத்தை விரலால் தொட்டு என் நெற்றியில் வைத்தாள்.