வாயிற்காவல் அட்டைகள்

ரைனா எங்கள் நகராட்சியின் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது நான் அங்கே பன்னிரண்டு வருடம் பழம் தின்று கொட்டை போட்டவள். அவள் டான்யூப் கரையிலிருந்து எங்கள் ஊர் ஸ்பாஸைக் கட்டிக்கொண்டு வந்தவள். ஸ்பாஸுக்கு ஈய ஆலையில், உலைக்கூடத்தில் வேலை. எங்கள் ஊரில் இரண்டு ஆணில் ஒருவனுக்கு அந்த ஆலைதான் சோறு போட்டது.

யாராவது செத்தால் அவருக்கு ஓர் அட்டை. பெயர், வயது, நோய், வேலை. அதைத் தட்டச்சு செய்வது நான். வருடக் கடைசியில் அட்டைகளை எண்ணி தலைநகர் சோஃபியாவுக்குப் பட்டியல் அனுப்புவது ரைனா. எண்பத்திரண்டில் மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது: இனிமேல் வெறும் பட்டியல் போதாது, பகுப்பாய்வும் வேண்டும். அப்படியென்றால் என்னவென்று எங்களில் ஒருத்திக்கும் தெரியவில்லை. ரைனா நூலகத்துக்குப் போய் கணிதப் புள்ளியியல் பாடநூல் ஒன்றை எடுத்துவந்தாள். அட்டை கிழிந்த, நானூறு பக்கப் புத்தகம்.

ஒரு கையில் ரொட்டியும் வெள்ளைப் பாலாடைக்கட்டியும், மறு கையில் பென்சில். மதியச் சாப்பாடு நேரமெல்லாம் அப்படித்தான் போனது. சராசரி, விலக்கம், மாதிரி என்று ஓர் அத்தியாயத்துக்கு ஒரு மாதம். பள்ளிக்கூடத்தில் கணக்கென்றாலே ஓடியவளாம். புத்தகத்தின் பின்னால் ஒற்றைப்படைக் கணக்குகளுக்கு மட்டும்தான் விடை இருந்தது.

"ரெட்டைப்படைக்கெல்லாம் நம்ம தலையெழுத்துதான் பென்கா அக்கா" என்பாள்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது? என்னைவிடப் பத்து வயது சின்னவள், என் கண்ணெதிரே என்னைவிடப் பெரியவளாகிக்கொண்டிருந்தாள். "புத்தகத்தோடயே குடும்பம் நடத்துடி, ஸ்பாஸை வேற யாருக்காவது குடுத்துரு" என்று நான் குத்துவேன். ஸ்பாஸ் கோபிக்கவே மாட்டான். அவளைக் கூட்டிப்போக வரும்போது கதவில் சாய்ந்து நின்று, "எங்க வீட்ல பாலாடைக்கட்டி வச்சு பானித்ஸா சுட்டாக்கூட சராசரி பாத்துத்தான் வெட்டுறா அக்கா. எனக்கு மட்டும் எப்பவும் சராசரிக்குக் கீழ" என்று சிரிப்பான். நெடுநெடுவென்று வளர்ந்தவன். கைகள் இரண்டும் மண்வெட்டி போல இருக்கும்.

எண்பத்து மூன்று வசந்தத்தில் ஆலை மருத்துவர் அவனைக் கூப்பிட்டு, உலையை விட்டு வாயிற்காவலுக்குப் போகிறாயா என்று கேட்டார். காரணம் சொல்லவில்லை. அவர்கள் எப்போதும் சொல்வதில்லை. இரத்தம் எடுப்பார்கள், சிறுநீர் எடுப்பார்கள், முடிவு அவர்கள் மேசையிலேயே இருக்கும். 'சுலபமான வேலை, நீண்ட சேவைக்கு மரியாதை' என்று மட்டும் சொல்வார்கள். வேண்டாமென்றால் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு உலைக்கே திரும்பிப் போகலாம். யோசிக்க ஒரு வாரம் தந்தார்கள்.

அந்த வாரம் ரைனா பத்து வருட அட்டைகளையும் இழுப்பறையிலிருந்து எடுத்தாள். தொழிற்சங்கத்திடமிருந்து ஆட்களின் எண்ணிக்கையையும் வாங்கினாள். நான்கு கட்டம் போட்டாள். உலையில் இருநூற்று நாற்பது பேர், செத்தது பதினொன்று. வாயிலில் முப்பத்தெட்டுப் பேர், செத்தது பத்தொன்பது. இரண்டு இடமும் ஒன்றுதான் என்றால் வாயிலில் நான்கு பேர் செத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். புத்தகத்தின் பதினோராம் அத்தியாயம் இதற்கு ஒரு சோதனை சொல்லியிருந்தது. தற்செயலாக இப்படி வர வழியே இல்லை என்று அது சொன்னது.

"அங்க போறவங்க வயசானவங்க ரைனா. அதான்" என்றான் ஸ்பாஸ்.

"நாப்பதிலேந்து அம்பது வயசுக்காரங்களை மட்டும் தனியா எடுத்தும் பாத்துட்டேன். அப்பவும் அப்படித்தான் வருது" என்றாள். "தாதுமண் லாரி எல்லாம் வாசல் வழியாத்தான் போகுது. நாள் பூரா அந்தத் தூசியில நிக்கணும். உலைக்காரங்களுக்காவது ஈயத்தை முறிக்க தினம் தயிர் குடுக்குறாங்க. வாசல்காரங்களுக்கு அதுவும் கிடையாது."

அந்தத் தாளை என்னிடமும் காட்டினாள். "தப்பு எங்கயாவது இருக்கா பாருங்க அக்கா" என்றாள்.

நான் பார்த்தேன். அந்தப் பத்தொன்பதில் ஒருவர் பிளாகோய், என் அக்கா வீட்டுக்காரர். அவர் பதினைந்து வருடம் உலையில் நின்றவர். ஈயம் உடம்பில் ஏறி, ஒருநாள் மணிக்கட்டிலிருந்து கை தொங்கிப்போனது. கரண்டி பிடிக்கவே முடியாமல் போனபிறகுதான் அவரை வாயிலுக்கு மாற்றினார்கள். அங்கே கம்பத்தைத் தூக்கிவிட்டால் போதும், அதை முழங்கையாலும் செய்யலாம். கை விழுந்ததை அவர் வெளியே சொல்லவில்லை. எந்த ஆணும் சொல்வதில்லை, அதை அவமானமாக நினைத்தார்கள். பதினோரு மாதத்தில் சிறுநீரகம் போய்ச் செத்தார். அட்டையில் 'வேலை' என்ற இடத்தில் கடைசியாகப் பார்த்த வேலையைத்தான் போட வேண்டும், அதுதான் விதி. 'வாயிற்காவல்' என்று அடித்தவள் நானேதான்.

இதையெல்லாம் நான் அப்போது சொல்லியிருக்கலாம். ரைனா கேட்டது கணக்கில் தப்பு உண்டா என்று, கணக்கில் தப்பில்லை. இவ்வளவு பெரிய புத்தகம் இதையும் யோசித்திருக்கும் என்று ஒரு பக்கம் நினைத்தேன். இன்னொரு பக்கம், நேர்மையாகச் சொல்கிறேன், எதையாவது உளறி அவள் முன்னால் முட்டாளாக நிற்க எனக்கு மனமில்லை. "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றேன்.

ஸ்பாஸ் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு உலைக்கே போனான். மருத்துவர் தோளைக் குலுக்கினாராம்.

அந்த வருடப் பகுப்பாய்வைப் பார்த்து சோஃபியாவிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. அலுவலகத் தலைவர் அதைச் சட்டம் போட்டு மாட்டினார். ரைனா அடுத்த அத்தியாயத்துக்குப் போனாள்.

எண்பத்தைந்து இலையுதிர்காலத்தில், குளிர்காலத்துக்காக மிளகாய் சுட்டு அடைத்துவைக்கும் வாரத்தில், ஸ்பாஸ் அலுவலகத்துக்கு வந்தான். கதவின் கைப்பிடியைத் திருகமுடியாமல் வெளியே நின்று காலால் தட்டினான். நான்தான் திறந்தேன். அவன் கைகளைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அவன் சிரித்துக்கொண்டே, "குளிருக்கு விறைச்சுப் போச்சு அக்கா" என்றான். அன்றைக்கு வெளியே நல்ல வெயில்.

மறுமாதம் அவனை வாயிலுக்கு மாற்றினார்கள். இந்த முறை சம்மதம் கேட்கவில்லை. வயிற்றுவலியில் சுருண்டு சுருண்டு எட்டு மாதம் இருந்தான். சாகும்போது நாற்பத்து நான்கு வயது.

அடக்கம் முடிந்த நான்காம் நாள் ரைனா வேலைக்கு வந்தாள். அவள் வீட்டுக் கதவில் ஒட்டிய அதே இரங்கல் தாள், ஸ்பாஸின் படத்தோடு, எங்கள் அலுவலகத்துக்கு எதிரே இருந்த மரத்திலும் ஒட்டியிருந்தது. அட்டையை நான் அடிக்கிறேன் என்றேன். வேண்டாமென்று தானே இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தாள். பெயர் அடித்தாள், வயது அடித்தாள், நோய் அடித்தாள். 'வேலை' என்ற இடத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. விதிப்படி அங்கே 'வாயிற்காவல்' என்றுதான் அடிக்க வேண்டும். பிறகு எழுந்துபோய் இழுப்பறையிலிருந்து வாயிற்காவல் அட்டைகள் எல்லாவற்றையும் எடுத்தாள். மொத்தம் இருபத்து மூன்று. அவற்றைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் வெளியே போனாள்.

வீடு வீடாகப் போனாள். ஒவ்வொரு விதவையிடமும் ஒரே கேள்விதான். ஸ்பாஸின் நாற்பதாம் நாளுக்கு முந்தின நாள், கல்லறையில் பங்கிடும் சர்க்கரை போட்ட அவித்த கோதுமைக்கு நான் வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தபோது, என் வீட்டுக்கும் வந்தாள். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. கையில் ஒரே ஓர் அட்டை இருந்தது.

"உங்க அக்கா வீட்டுக்கு ரெண்டு தடவை போனேன், பூட்டியிருக்கு" என்றாள். "பிளாகோய் வாசலுக்கு வர்றதுக்கு முன்னாடி எங்க வேலை பாத்தாரு?"

"உலையில. பதினஞ்சு வருஷம்."

அட்டையின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டாள். ஸ்பாஸோடு சேர்த்து இருபத்து நான்கு பேர். அதில் ஒருவர் லாரியில் அடிபட்டவர், ஒருவருக்கு மாரடைப்பு. மற்ற இருபத்திரண்டு பேரும் கை விழுந்தபிறகு உலையிலிருந்து வந்தவர்கள். உலையின் சாவுகள்தான் வாயிலின் கணக்கில் ஏறியிருந்தன.

"இது உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

பொய் சொல்ல நினைத்தேன். "தெரியும்" என்றேன்.

"இதே கேள்விய அப்பவே நான் கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களா?"

"சொல்லியிருப்பேன்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அட்டையைக் கைப்பையில் வைத்து மூடினாள்.

"மூணு வருஷம் அந்தப் புத்தகத்தைப் படிச்சேன்" என்றாள். "அவன்கிட்ட ஒரு தடவைகூட, வாசல்ல நிக்கிற அந்த ஆளுங்க யாருன்னு கேக்கல. அவனுக்கு அவங்க எல்லாரையும் பேரோட தெரியும்."

நான் உடைத்துவைத்திருந்த கடலையைத் துணியில் முடிந்து எடுத்துக்கொண்டு போனாள்.