மைக்காரர் வீட்டுச் சன்னல்

ஊராட்சி அலுவலகத்தில் மைக்கில் அறிவிப்பு வாசிக்கிறவருக்கு ஊர் வைத்த பெயர் மைக்காரர். தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், நாய்க்கு எங்கே ஊசி போடுவார்கள், மழையில் எந்தப் பாலம் வழுக்கும், எல்லாம் அவர் வாயால் வந்தால்தான் ஊர் நம்பும். எதையும் இரண்டு முறை வாசிப்பார்.

அவர் குரலைக் காதில் வாங்காத ஒரே ஆள் அவர் மனைவிதான். தெருமுனை ஒலிபெருக்கி கரகரத்ததுமே சன்னலைப் படாரென்று சாத்திவிடுவாள்.

“ராத்திரி பூரா உங்க குறட்டை, பகல் பூரா உங்க தொண்டை. என் காது என்ன கல்லா?”

அவரும் சிரித்துக்கொள்வார்.

போன மாதம் பேய்க்காற்று அடித்து ஓய்ந்த காலையில், “பின்தெருவில் மின்கம்பி அறுந்து கிடக்கிறது, யாரும் வெளியே வராதீர்கள்” என்று இரண்டு முறை வாசித்தார். அந்தத் தெருவில் ஒருவரும் வரவில்லை. வழக்கம்போலச் சன்னலைச் சாத்தியிருந்த அவர் மனைவி மட்டும் கொடியில் கிடந்த துணியை எடுக்கப் பின்கதவைத் திறந்து போனாள்.

அலுவலகம் ஒரு மாதம் விடுப்புக் கொடுத்தது. சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டார். படுக்கச் சொன்னால் படுத்தார்.

“ஒரு பாட்டம் அழுது தீத்துடுங்கண்ணே” என்றாள் தங்கை.

“பாக்கலாம்மா” என்றார், தண்ணீர் லாரி கேட்டு வந்தவருக்குப் பதில் சொல்வதுபோல.

இன்று காலை ஒலிபெருக்கி கரகரத்தது. அவர் இல்லாததால் மழைக்கால எச்சரிக்கைக்கு அவருடைய பழைய பதிவையே போட்டிருந்தார்கள். “அறுந்த மின்கம்பியைத் தொடாதீர்கள்” என்றது அவர் குரல்.

எழுந்து போய்ச் சன்னலைச் சாத்தினார். சன்னல் கதவில் காதை வைத்து, இரண்டாவது முறைக்காகக் காத்திருந்தார்.

மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும்தான் கேட்டது.