பெயர் கேட்டதும் எழுந்து நின்றவர்

இலங்கை மலைநாட்டில் ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்த நல்லமுத்து, ஆயுசில் ஒரே ஒரு தடவைதான் கொழும்புக்குப் போனார். போகாமலே இருந்திருக்கலாம் என்று பிற்பாடு தோட்டமே சொன்னது.

நாற்பத்தெட்டாம் ஆண்டு அது. பிரஜாவுரிமைச் சட்டம் வரப்போகிறது என்று எங்கும் பேச்சு. நல்லமுத்து கைக்குழந்தையாகத் திருச்சிப் பக்கமிருந்து வந்தவர். மகள் பூரணி பிறந்தது இங்கே, தோட்டத்து வரிசை வீடான லயத்தில்தான். ஆனால் தகப்பன் இங்கே பிறக்கவில்லையென்றால் பிள்ளைக்கும் இந்த நாடு இல்லையாம். எந்த நியாயத்தில் சேர்த்தி இது! முந்தின வருடம் பாராளுமன்றத்துக்கு ஓட்டுப் போட்டு அனுப்பிய மெம்பர் தோட்டத்துக்கு வந்தபோது நல்லமுத்து வழிமறித்துக் கேட்டார்.

"ஐயா, எம் பொண்ணு இந்த ஊரு இல்லேன்னு ஒரு ஆபீசர் எழுதிப்புட்டா, அது தப்புன்னு நாங்க யாருகிட்டப் போய்ச் சொல்றது?"

"நல்ல கேள்வி. இதையே சபையில மந்திரிகிட்டக் கேக்குறேன். உங்க பேரச் சொல்லியே கேக்குறேன், வந்து பாருங்க" என்றார் மெம்பர்.

தொழிலாளர் சங்கத்துக் கிளாக்கர் யேசுரட்ணம் கூட்டிக்கொண்டு போனார். பாராளுமன்றத்தில் பார்வையாளர் மாடியில் இருவரும் உட்கார்ந்தார்கள். கீழே எல்லாம் இங்கிலீசு. மெம்பர் எழுந்து பேசப் பேச, நடுவே "ராகலை" என்று காதில் விழுந்தது. அடுத்து "நல்லமுத்து."

தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆபீஸ் முற்றத்தில் மானேஜர் தொரையிடம் சங்கத் தலைவர் ஒரு தொழிலாளியின் முறைப்பாட்டைச் சொல்லும்போது, குந்தியிருக்கும் அந்த ஆள் தன் பெயரைக் கேட்டதும் எழுந்து நிற்க வேண்டும். நிற்காவிட்டால் முறைப்பாடே இல்லையென்று தொரை அடுத்த ஆளுக்குப் போய்விடுவார். நல்லமுத்து தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தார்.

"நாந்தாங்க தொரை!"

கீழே யாரோ சிரித்தார்கள். காவலர்கள் இரண்டு பேர் வந்து அவருடைய கையைப் பிடித்தார்கள். யேசுரட்ணத்தையும் சேர்த்து வெளியே தள்ளினார்கள். மந்திரி பதில் சொல்ல எழுந்துகொண்டிருந்தார், கதவைச் சாத்திவிட்டார்கள்.

"மந்திரி என்னங்க சொன்னாரு?" என்று வீடு திரும்பியதும் மனைவி வீரம்மா கேட்டாள்.

"தெரியலடி" என்றார்.

சட்டம் நிறைவேறியது. பிறகு வந்த இன்னொரு சட்டத்தின்படி பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டும் தள்ளிவிட்டார்கள். அடுத்த தேர்தலில் லயத்தில் ஒருவருக்கும் ஓட்டு இல்லை. பூரணி எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் கல்யாணம் கட்டி, எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத பிள்ளையைப் பெற்றாள். "அண்ணே, நீங்க சும்மா குந்தியிருந்தா மந்திரி கோவிச்சிருக்க மாட்டாரு" என்று தோட்டத்து ஆட்கள் முகத்துக்கு நேரே சொன்னார்கள். நல்லமுத்துவும் அதையே நம்பினார். கூட்டத்துக்குப் போவதை விட்டார். நாலு பேர் நிற்கும் இடத்தில் வாய் திறப்பதையும் விட்டார்.

பல வருடம் கழித்து அட்டன் பஸ் ஸ்டாண்டில் அந்த மெம்பரைக் கண்டார். ஓட்டுப் போட ஆளில்லாமல் அவருடைய பதவியும் எப்போதோ போயிருந்தது. நல்லமுத்து கையெடுத்துக் கும்பிட்டார்.

"மன்னிச்சிருங்கய்யா. நான் எந்திரிச்சுக் கெடுத்துப்புட்டேன்."

"அட நீங்க ஒண்ணு! மந்திரி உங்களப் பாக்கவே இல்ல. சட்டம் இன்னும் வரல, அதனால பதில் சொல்ல முடியாதுன்னு சொல்லிட்டு உக்காந்துட்டாரு."

"சட்டம் வந்த பொறகு கேட்டீங்களாய்யா?"

"கேட்டேனே. சட்டம் வந்துருச்சு, முடிவெல்லாம் மந்திரி கையில, சபைக்குக் கேக்குற அதிகாரம் இல்லேன்னுட்டாங்க."

"அப்ப எப்பத்தான்யா கேட்டிருக்கணும்?"

மெம்பருடைய பஸ் வந்தது, ஏறிப் போனார்.

தன் தப்பு என்று நம்பியிருந்தவரை, ஒருவேளை பிரஜாவுரிமை கிடைத்திருக்கும் என்ற நினைப்பாவது நல்லமுத்துவுக்கு மிஞ்சியிருந்தது. இப்போது அதுவும் இல்லை.

வீட்டில் வீரம்மா பேரப்பிள்ளையை மடியில் வைத்துச் சோறூட்டிக்கொண்டிருந்தாள். மெம்பரைப் பார்த்ததாக அவர் சொன்னதும் நிமிர்ந்தாள்.

"என்னங்க சொன்னாரு?"

நல்லமுத்து பிள்ளையைப் பார்த்தார்.

"நான் மட்டும் எந்திரிக்காம இருந்திருந்தா, நமக்குக் குடுத்திருப்பாங்களாம்" என்றார்.