அம்மா ஏற மறுத்த கார்

நடந்தவை, வரிசையாக:

1. போன மழைக்காலத்தில் எங்கள் கார் மாட்டுங்கா மார்க்கெட் பக்கம் தேங்கிய தண்ணீரில் நின்றுபோனது.
2. அடுத்த மழைக்கு முன் அப்பா நான்கு பெரிய சக்கரங்கள் வாங்கிப் போட்டார். கார் நாலு விரல் உயர்ந்தது.
3. அதன் பிறகு அது தண்ணீரில் நிற்கவில்லை.
4. தண்ணீர் இல்லாத இடத்திலும், நிறுத்த வேண்டியபோது, சரியாக நிற்கவில்லை.
5. ஒரு நாள் அது மெதுவாகப் போய் ஒரு வாழைப்பழத் தள்ளுவண்டியின் மேல் சாய்ந்தது. அம்மா இறங்கினாள். இரண்டு சீப்பு பழம் வாங்கிக்கொண்டாள். பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டாள்.
6. அம்மா ஏறாத கார் எதற்கு, விற்றுவிடலாம் என்றார் அப்பா.
7. நான் முன் பிரேக்கை மாற்றினேன்.

ஏழாவதை ஒரே வரியில் எழுதிவிட்டேன். அது ஒரே வரியில் நடக்கவில்லை.

ஊருக்குத் திரும்பிப்போன ஓர் ஆங்கிலேயரிடம் அப்பா வாங்கிய பழைய கார் அது. அது போனால் இன்னொன்று கிடையாது. புதுக் காருக்கு மனுப் போட்டவர்கள் வருஷக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அப்பாவுக்குக் கண்பார்வை குறைந்ததிலிருந்து ஓட்டுவது நான்தான். டிப்ளமா முடித்து, செம்பூரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் படங்கள் வரைகிறேன். நாள் முழுவதும் காகிதத்தில்தான் என் இயந்திரங்கள் ஓடுகின்றன. கையில் பிடித்து ஓட்டக் கிடைப்பது அந்தக் கார் ஒன்றுதான். அதனால் அப்பா விற்கிறேன் என்றபோது பேசாமல் இருக்க முடியவில்லை.

"சக்கரம் பெரிசானா பிரேக் ஏன் குறையணும்? பிரேக்கை நான் தொடவே இல்லையே" என்றார் அப்பா.

"தொடாததுதான்பா கஷ்டம்."

கூடத்துக் கதவை வேகமாகத் தள்ளிவிட்டு, கீலுக்குப் பக்கத்தில் பிடித்து நிறுத்தச் சொன்னேன். அவரால் முடியவில்லை. கைப்பிடிப் பக்கம் பிடித்தபோது ஒரு விரலால் நின்றது. சக்கரம் பெரிதாகி, உள்ளே இருக்கும் பிரேக் பழைய அளவிலேயே இருந்தால், அது கீலுக்குப் பக்கத்தில் பிடித்து நிறுத்துவது மாதிரி என்று சொன்னேன். அப்பா இன்னொரு முறை கதவைத் தள்ளிப் பார்த்துக்கொண்டார்.

"சரி. தேவ்நார்லேர்ந்து ஒருத்தர் ஞாயித்துக்கிழமை கார்த்தால வண்டி பார்க்க வரார். அதுக்குள்ள சரி பண்ணிக்கோ. அம்மா ஏறினா வண்டி நம்மளோடது. ஏறலேன்னா அவர் எடுத்துண்டு போவார்."

அம்மா சமையலறையிலிருந்தே பதில் சொன்னாள். "நான் ஏறமாட்டேன். பழக்காரன் இன்னும் என்னைப் பார்த்தா சிரிக்கறான்."

சக்கரங்கள் தாராவியில் வாங்கியவை. அங்கே பட்டறை வைத்திருக்கும் பாய் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எங்கள் காரைச் செய்த கம்பெனியே செய்த ஒரு டெலிவரி வேனைப் பிரித்து, அதன் சக்கரங்களை அப்பாவுக்குக் கொடுத்திருந்தார். வேனின் முன் பிரேக் டிரம்கள், அதாவது சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் வட்டமான இரும்புக் கூடுகள், இன்னும் அவரிடம் கிடந்தன. எங்கள் காருடையவற்றைவிட நன்றாகவே பெரியவை.

"சக்கரம் மட்டும் போதும்னு சொன்னது ஒங்க அப்பாதான்" என்றார் பாய். "நான் அப்பவே கேட்டேம்லா, பிரேக்கும் சேத்து எடுத்துட்டுப் போங்கன்னு. சட்டைய வாங்கிட்டு பொத்தான கடையில வச்சிட்டுப் போனா எப்பிடி இஞ்சினியரம்மா?"

காரைப் பட்டறையிலேயே விட்டேன். டிரம்முக்குப் பின்னால் இருக்கும் தகடு எங்கள் காரின் அச்சில் உட்காரவில்லை. துளைகள் இடம் மாறியிருந்தன. நடுவில் வைக்க ஒரு வளையம் வரைந்து கொடுத்தேன். பாய் அதேபோல் இரண்டு வெட்டினார். டிரம்களை லேத்தில் கடைந்து உள்பக்கத்தை வழவழப்பாக்கினார். டிரம்முக்குள் பிறை வடிவில் இரண்டு இரும்புத் துண்டுகள் இருக்கும். ஷூ என்பார்கள். பெடலை மிதித்தால் அவை விரிந்து டிரம்மை உள்ளிருந்து அழுத்தும். உரசுகிற முகத்தில் லைனிங் என்ற கறுப்புப் பட்டை பதித்திருக்கும். பழைய பட்டைகள் தேய்ந்துவிட்டதால், அடுத்த சந்தில் அந்த வேலை செய்பவரிடம் புதிதாகப் பதிக்கக் கொடுத்தோம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் லீவு போட்டுப் போனபோது அவை தயாராக இருந்தன. ஒரு சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு பொட்டலங்கள். பாய் தொழுகைக்குப் போயிருந்தார், பட்டறை பூட்டியிருந்தது. நான் பொட்டலங்களை வீட்டுக்கு எடுத்துப்போய்க் கூடத்து மூலையில் வைத்தேன். ஒன்றின் காகிதம் பஸ்ஸிலேயே பிரிந்துவிட்டது. மற்றது சணலால் இறுக்கிக் கட்டியபடி இருந்தது.

சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து பட்டறைக்குப் போனேன். பாய் பொட்டலங்களைப் பிரித்துப் பார்த்தார். ஒரு ஜோடியின் முதுகில் சிவப்புப் புள்ளி இருந்தது.

"இது எடது பக்கம். அடையாளம் வச்சிருக்கான் பாருங்க, கெட்டிக்காரன்" என்று இடது சக்கரத்தில் மாட்டினார். மாலைக்குள் எல்லாம் முடிந்தது. லேபர் கேம்ப் குடியிருப்புப் பக்கத்து நேர்ச்சாலைக்கு ஓட்டிப் போனோம்.

பிரேக் பிடித்தது. ஆனால் மிதித்தவுடன் கார் வலது பக்கம் திரும்பி நடுச்சாலைக்குப் போனது. மறுபடியும் மிதித்தேன். மறுபடியும் வலது பக்கம். "ஏ மேம்சாப், சீதா சலாவ்!" என்று சைக்கிளில் போன ஒருவர் நேராக ஓட்டச் சொல்லிக் கத்தினார். பாய் அவரைத் தமிழில் திட்டினார்.

பட்டறைக்குத் திரும்பியதும் சண்டை ஆரம்பித்தது.

"ஒங்க வளையம் கோணல்" என்றார் பாய்.

"உங்க லேத்துதான் கோணல், பாய். ஒரு டிரம்மை மட்டும் அதிகமாக் கடைஞ்சிருக்கீங்க."

"எங்க வாப்பா வாங்கின லேத்தும்மா அது! அதப் போயி கோணல்னு சொல்லுதீங்களே."

"என் படமும் நான் போட்டதுதான்."

டிரம்களை அளந்தோம். இரண்டும் ஒரே அளவு. வளையங்களை அளந்தோம். அவையும் சரி. இரண்டு பேருக்கும் கொஞ்சம் ஏமாற்றம். அப்போதுதான் அந்த வாசனை எனக்கு உறைத்தது. காய்ந்த நல்லெண்ணெய் வாசனை.

"யாரோ வீட்ல வடை சுடுதாவ" என்றார் பாய்.

நான் இடது சக்கரத்துப் பக்கம் குனிந்தேன். வடை அங்கேதான் வெந்துகொண்டிருந்தது. வலது சக்கரத்தில் அந்த வாசனையே இல்லை.

திறந்து பார்த்தபோது இடது பக்க லைனிங் முழுவதும் பளபளவென்று இருந்தது. சிவப்புப் புள்ளி சூட்டில் உருகி வழிந்திருந்தது. விரலால் தொட்டு மூக்கருகே கொண்டுபோனேன். பெயின்ட் இல்லை. எண்ணெயில் குழைத்த குங்குமம்.

பாய் என் முகத்தைப் பார்த்தார், விரலைப் பார்த்தார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "அம்மா பொட்டு வச்சு அனுப்பியிருக்காவ! நான் அதப் பாத்து எடது பக்கம்னு மாட்டியிருக்கேன்! எங்கையில எப்பவும் எண்ணெய்தான், தொட்டப்போ எப்பிடித் தெரியும்?"

வீட்டில் அம்மா மறுக்கவில்லை.

"புது இரும்பு ஆத்துக்குள்ள வந்தா எண்ணெய் தடவாம இருப்பாளா? தோசைக்கல்லு வாங்கினா தடவறதில்லையா? தையல் மெஷின் மக்கர் பண்ணினா எண்ணெய் போடும்மான்னு நீதானே சொல்லுவே? நன்னா தடவி, தொடைச்சு, பொட்டு வெச்சேன்."

"ஒண்ணுக்குத்தானே தடவியிருக்கே?"

"இன்னொண்ணு கட்டியிருந்தது. அடுத்தவா கட்டினதை நான் பிரிக்கறதில்லை."

"நீதான் வண்டியிலேயே ஏறமாட்டேன்னியே. அப்புறம் எதுக்கும்மா?"

அம்மா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். "நான் ஏறமாட்டேன். நீ ஓட்டுவியே."

பிரேக் லைனிங்கில் எண்ணெய் பட்டால் அது பிடிக்காது, வழுக்கும், அதனால் இடது பக்கம் வழுக்கி வலது பக்கம் இழுத்தது என்று மட்டும் சொன்னேன். ஊறிய பட்டையைத் துடைத்து மீட்க முடியாது என்றும் சொன்னேன். அம்மா நிதானமாகக் கேட்டுக்கொண்டாள். "அப்போ நாளைக்குக் கார்த்தால நானும் வரேன். நான் கெடுத்ததை நான் பார்க்கணும்" என்றாள்.

ஞாயிறு காலை இருவரும் பஸ்ஸில் தாராவி போனோம். பாய், பட்டை பதிப்பவரை வீட்டிலிருந்தே அழைத்து வந்து, புதுப் பட்டைகளைத் தயாராக வைத்திருந்தார். டிரம்மைப் பெட்ரோலால் கழுவிக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா, இருங்க" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். "இன்னிக்கு எதையும் தொட்டுராதீங்க. பொட்டு வைக்கணும்னா பானட்டுல வையுங்க. அது எங்கயும் உரசாது."

"பானட்டுன்னா எதுடி?" என்று அம்மா என்னிடம் கேட்டாள். இன்ஜின் மேல்மூடியைக் காட்டினேன். அங்கே வைத்தாள். மாட்டி முடித்துப் பக்கத்துத் தெருவில் நான் தனியாக ஒரு முறை ஓட்டிப் பார்த்தேன். நேராக நின்றது. திரும்பி வந்தபோது அம்மா ஸ்டூலைவிட்டு எழுந்து நின்றிருந்தாள். அவளுக்கு முன்கதவைத் திறந்துவிட்டு, சுற்றி வந்து ஸ்டியரிங் பக்கம் உட்கார்ந்தேன்.

அம்மா காரை ஒரு சுற்றுச் சுற்றினாள். இடது சக்கரத்தின் அருகே குனிந்து முகர்ந்து பார்த்தாள். ஏறினாள்.

மார்க்கெட் வளைவில் ஒரு எருமை குறுக்கே வந்தது. மிதித்தேன். கார் நேராக, எருமைக்கு நல்ல இடம் விட்டு நின்றது. அம்மாவின் கைப்பை மட்டும் கீழே விழுந்தது. அவள் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "நின்னுடுத்தே" என்றாள். யாரோ அவளை ஏமாற்றிவிட்டது போன்ற குரல்.

வீட்டில் தேவ்நார்க்காரர் அப்பாவுடன் காபி குடித்துக்கொண்டிருந்தார். காரிலிருந்து இறங்கும் அம்மாவைப் பார்த்ததும் அப்பா டபராவைக் கீழே வைத்துவிட்டார்.

"வண்டி குடுக்கறதா இல்லை" என்றாள் அம்மா வந்தவரிடம். "இட்லி ஆயிடுத்து. சாப்ட்டுட்டுப் போங்கோ."

அவர் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். போகும்போது, பெரிய சக்கரம் எங்கே கிடைக்கும் என்று அப்பாவிடம் விசாரித்தார். "பிரேக்கும் சேர்த்து வாங்கணும்" என்றார் அப்பா, கூடத்துக் கதவின் கீலைக் காட்டி.

இப்போதைய நிலை இதுதான். கார் எங்களிடம் இருக்கிறது. முன் பிரேக் இரண்டும் வேனுடையவை. பின் பிரேக் பழையதே. அம்மா முன் இருக்கையில் உட்காருகிறாள். பெரிய சக்கரத்துக்கு ஏற்ப ஸ்பீடோமீட்டரை இன்னும் திருத்தவில்லை. அது காட்டுவதைவிடக் கொஞ்சம் வேகமாகத்தான் போகிறோம். அம்மாவுக்கு அது தெரியாது.